டைட்டானிக்கை விட்டு இறங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டேட்டா சயின்ஸ், அதாவது தரவை அலசி முடிவு சொல்லும் துறை, படித்தால் வேலை கிடைக்குமா என்று சென்ற இதழில் சம்பளப் பட்டியலோடு வந்த கட்டுரையைப் படித்தேன். 12 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். கடந்த சில வருடங்களாக ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களிலும் உட்காருகிறேன். கட்டுரையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு யாராவது கடனை வாங்கிக் கோர்ஸில் சேர்ந்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 34 சதவீதக் கணிப்பைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். 2024 முதல் 2034 வரை டேட்டா சயின்டிஸ்ட் வேலைகள் அவ்வளவு பெருகும் என்பது அது. சரி. ஆனால் 2024-ல் அந்த நாட்டில் இந்த வேலையில் இருந்தவர்களே ஏறக்குறைய 2.5 லட்சம் பேர்தான். அங்கே மென்பொருள் எழுதுகிறவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். அடித்தளம் சிறியதாக இருந்தால் சதவீதம் பெரிதாகத்தான் தெரியும். வரப்போகும் இடங்களில் எத்தனை புதியவர்களுக்கு, எத்தனை அனுபவசாலிகளுக்கு என்பதையும் அந்த 34 சொல்லாது.

21ஆம் நூற்றாண்டின் மிகக் கவர்ச்சியான வேலை இது என்று ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ 2012-ல் எழுதியது. அப்போது ஒரே ஆள்தான் தரவைத் திரட்டி, சுத்தம் செய்து, மாடல் (பழைய தரவை வைத்துக் கணிப்புச் சொல்லும் சூத்திரம்) போட்டு, மேலதிகாரிக்கு விளக்கவும் செய்வார். பிறகு அந்த ஒரு வேலை தரவைத் திரட்டித் தரும் டேட்டா இன்ஜினியர், அதை அலசும் அனலிஸ்ட், மாடல் போடும் மெஷின் லேர்னிங் இன்ஜினியர் என்று பாகம் பிரிந்துவிட்டது. ‘டேட்டா சயின்டிஸ்ட்’ என்ற பெயரை மட்டும் போட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் பாதி விளம்பரங்களைப் பார்ப்பதே இல்லை. அந்தப் பெயரில் வரும் விளம்பரங்களோ பெரும்பாலும் அனுபவம் கேட்கின்றன. முதல் வேலையாக அது கிடைப்பது அபூர்வம்.

ரெஸ்யூம்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் டைட்டானிக் இருக்கும். கப்பலில் யார் பிழைப்பார்கள் என்று கணிக்கும் அந்தப் பயிற்சிக் கோப்பில் 891 பயணிகள். அத்தனை பேரின் கதியும் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். அதில் மாடல் போடப் பைத்தான் என்ற நிரல் மொழியில் நாலு வரி போதும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்த நாலு வரியைக்கூட நாம் தட்ட வேண்டியதில்லை. கோர்ஸ்களில் எதற்கு அதிக நேரம் போகிறதோ, அதற்குத்தான் சந்தையில் முதலில் விலை விழுந்தது.

இன்டர்வியூவில் நாங்கள் கொடுப்பது ஒரு சின்ன அட்டவணை. சந்தாதாரர்களில் அடுத்த மாதம் யார் விலகுவார்கள் என்று சொல்ல வேண்டும். சிலருக்குச் சேர்ந்த தேதி 1900 ஜனவரி 1 என்றிருக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு முகவரி இருக்கும். இன்னொரு அட்டவணையோடு சேர்த்தால் அவர் இரண்டு பேராகிவிடுவார். ‘விலகிய காரணம்’ என்று ஒரு கட்டமும் உண்டு. ஒரு பையன் 40 நிமிடத்தில் 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம் காட்டிவிட்டுச் சிரித்தான். “தம்பி, ஒருத்தர் விலகுவதற்கு முன்னாலேயே இந்தக் கட்டம் எப்படி நிரம்பும்?” என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதிய கதை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவனுக்கு அழுக்குத் தரவைக் காட்டியதே இல்லை.

அடுத்து வந்த பெண் மாடலே போடவில்லை. “சார், 1900-ல் இந்தச் சேவையே இல்லையே, இதை யார் நிரப்பினார்கள்?” என்று ஆரம்பித்தவர், கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு நேரத்தைத் தீர்த்துவிட்டார். அவரைத்தான் எடுத்தோம். அதற்கு முன் 4 வருடம் அக்கவுன்ட்ஸில் இருந்தவர். எஸ்.க்யூ.எல்., அதாவது தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழி, அங்கேயே சொந்தமாகக் கற்றுக்கொண்டாராம்.

ஏ.ஐ. இந்த வேலையை விழுங்கிவிடுமா என்று கட்டுரை கேட்டிருந்தது. வாராவாரம் ஒரே ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுக்கும் வேலை போய்க்கொண்டுதான் இருக்கிறது. புதியவர்கள் கை பழகியதே அதில்தான். அது போனால் நாளைய சீனியர்கள் எங்கிருந்து வருவார்கள்? எங்கள் அலுவலகத்தில் இதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஆனால் ஏ.ஐ. தரும் எண்ணைச் சந்தேகப்பட ஆள் வேண்டும். அமெரிக்க வீட்டுச் சந்தைத் தளமான ஜில்லோ நிறுவனத்திடம் ஆளும் இருந்தது, தரவும் இருந்தது. அப்படியும் வீட்டு விலையை நினைத்தபடி கணிக்க முடியவில்லை என்று 2021-ல் வீடு வாங்கி விற்கும் பிரிவையே மூடியது. ஊழியர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு வேலை போனது.

அடுத்த முறை சம்பளப் பட்டியலுக்குப் பதில் ஒரு அனலிஸ்ட்டின் ஒரு நாளை எழுதச் சொல்லுங்களேன். அப்புறம், உங்கள் இதழில் விளம்பரம் தரும் கோர்ஸ்காரர்களிடம், சேர்ந்தவர்களில் எத்தனை பேர், எந்தப் பதவிப் பெயரில், எத்தனை மாதம் கழித்து வேலைக்குப் போனார்கள் என்று கேட்டுப் போடுங்கள். ‘100 சதவீத வேலைவாய்ப்பு உதவி’ என்பதில் ‘உதவி’ மட்டும் எவ்வளவு சின்ன எழுத்தில் இருக்கிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்