மறைந்துபோனவர்கள் என்று எழுதிவிட்டீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் பக்கத்தில் மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து மாயன் நாகரிகம் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. "ஒரே நாளில் மறைந்துபோன மர்ம இனம்" என்று தொடங்கி, "மேலும் அறிய இணையத்தில் தேடுங்கள் குட்டீஸ்" என்று முடிந்தது. பக்கத்திலேயே வட்டமாக ஒரு கல், நடுவில் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு முகம், அதற்கு அடியில் 'மாயன் காலண்டர்' என்று போட்டிருந்தீர்கள்.

சண்டைக்கு வரவில்லை. ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளும் இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே படத்தை, இதே பெயரில், பள்ளிக்கூட அட்டையில் ஒட்டினாள். கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததே நான்தான். அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அதை உரித்தெடுத்தோம், அட்டையில் பாதி கிழிந்தது. அதனால் உங்கள் பக்கத்தைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

நாங்கள் இருப்பது ஹூஸ்டனில். அவள் வகுப்பில் கொடுத்த வேலை இதுதான்: பழைய மாயா நாகரிகத்தைப் பற்றி இணையத்தில் தேடிப் பத்துத் தகவல் கண்டுபிடித்து அட்டையில் எழுதி வர வேண்டும். பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? தேடுபெட்டியில் இரண்டு வார்த்தை அடித்தாள், முதல் பக்கத்தில் வந்ததை எழுதினாள். உலகம் 2012-இல் அழியும் என்று சொன்னவர்கள். ராக்கெட் ஓட்டிய ராஜா. திடீரென்று காணாமல் போனவர்கள். மனிதரைப் பலி கொடுத்தார்கள் என்று மட்டும் மூன்று தகவல், மூன்றும் ஒன்றுதான், வேறு வேறு வாக்கியத்தில். இருபது நிமிஷத்தில் பத்தும் முடிந்துவிட்டது. இதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

அந்தக் கல்லைத்தான் முதலில் பிடித்தோம். "இது இப்போ எங்கே இருக்கு?" என்று அவளே கேட்டாள், ஏதோ பார்த்துவிட்டு வரலாம் என்ற நினைப்பில். தேடினால் மெக்சிகோ நகரத்தின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1790-இல் அந்த நகரத்தின் பெரிய சதுக்கத்தில் மண்ணுக்குள் கிடைத்தது. ஏறக்குறைய 24 டன் எடை. செய்தவர்கள் அந்தப் பகுதியை ஆண்ட அஸ்டெக்குகள், மாயர்கள் அல்ல. மாயர்களின் திக்கால் நகரம் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, குவாத்தமாலாக் காட்டில் இருக்கிறது, இந்தக் கல்லைச் செதுக்கிய காலத்தில் அது காலியாகி ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாஜ்மகால் படத்தைப் போட்டு மீனாட்சி அம்மன் கோயில் என்று எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? ஆனால் 2012 பரபரப்பில் உலகம் முழுக்க இந்தப் படத்தைத்தான் போட்டார்கள், நீங்கள் மட்டும் இல்லை.

அந்த 2012 விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீள்கணக்கு என்ற மாயா காலண்டர் முறை நாட்களை எண்ணிக்கொண்டே போகும் ஒரு மீட்டர், அவ்வளவுதான். அதன் தொடக்கம் கி.மு. 3114 ஆகஸ்ட் 11 என்று கணக்கிடுகிறார்கள். 1,44,000 நாள் சேர்ந்தால் ஒரு பக்தூன். பதின்மூன்றாவது பக்தூன் 2012 டிசம்பர் 21-இல் முடிந்தது. வண்டியில் கிலோமீட்டர் மீட்டர் 99,999-ஐத் தாண்டினால் வண்டியா வெடிக்கிறது? மெக்சிகோவின் பலென்கேயில் பக்கால் என்ற அரசனின் கோயில் கல்வெட்டு ஒன்று கி.பி. 4772-இல் வரப்போகும் ஒரு நாளைக் குறித்து வைத்திருக்கிறது. உலகம் அழியும் என்று நினைத்தவர்கள் அதற்கப்புறம் 2760 வருஷத்துக்கு எதற்குத் தேதி குறிக்கிறார்கள்?

ராக்கெட் ராஜா என்று அவள் எழுதியிருந்ததும் இதே பக்கால்தான், 12 வயதில் 615-இல் பட்டத்துக்கு வந்து 683-இல் இறந்தவர். அவர் கல்சவப்பெட்டி மூடியில் இருப்பது பூமிக்குள்ளிருந்து மேலே வளரும் ஒரு மரமும் அதன் அடியில் சாய்ந்திருக்கும் அரசரும். படத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால்தான் ராக்கெட் தெரியும். நேராக வைத்துக் காட்டினேன், "அட, மரம்!" என்றாள். அவ்வளவுதான் அந்த ராக்கெட்டின் கதை.

சரி, தமிழில் தேடினால் என்ன வருகிறது என்று பார்க்கலாமே என்று ஊரில் இருக்கும் அக்கா பையனுக்காக ஒரு ராத்திரி உட்கார்ந்தேன். நம் நிலைமை இன்னும் மோசம். மாயன் என்றால் நம் புராணத்து மயன்தான், அங்கே கோபுரம் கட்டியவர்கள் நம்மவர்கள்தான் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. மயன், மாயன், ஒலி கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது என்பதைத் தவிர இதில் ஒன்றுமில்லை. மாயா மொழிகள் தனிக் குடும்பம், தமிழுக்கும் அதற்கும் உறவு கிடையாது. உறவு இல்லாவிட்டால் என்ன, நன்றாக இருக்கிறது என்று ரசிக்கக்கூடாதா?

ரசிக்க ஒரு இடம் எங்களுக்குக் கிடைத்தது. மாயர்களின் எழுத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு படம் என்ற வகையும் உண்டு, அசைக்கு ஒரு எழுத்து என்ற வகையும் உண்டு. அந்த அசையெழுத்து அட்டவணையைத் திறந்ததும் என் மகள் "இது நம்ம உயிர்மெய் மாதிரி இருக்கே" என்றாள். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் க, கி, கு என்று எழுதி எழுதிச் சலித்த பிள்ளை அவள். மெய் ஒரு பக்கம், உயிர் ஐந்து ஒரு பக்கம், கட்டத்துக்குக் கட்டம் ஒரு எழுத்து. நெடில் கிடையாது, ட, ண, ள போன்ற நாமடி எழுத்தெல்லாம் கிடையாது.

இந்த எழுத்தை மறுபடி படிக்கத் தெரிந்துகொண்ட கதை எந்த ராக்கெட்டையும்விடச் சுவாரசியம். டியேகோ டி லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1562-இல் மெக்சிகோவின் யுகடானில் மானி என்ற ஊரில் மாயா நூல்களைக் குவித்துக் கொளுத்தினார். பழைய நூல்களில் இன்று மிஞ்சியிருப்பது நாலே நாலு. அதே லாண்டாதான் பின்னால் ஒரு மாயா எழுத்தரை உட்காரவைத்து, உங்கள் அகரவரிசையை எழுது என்று ஸ்பானிய எழுத்துகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதி வாங்கினார். 'பே' என்று ஸ்பானிய எழுத்தின் பெயரைச் சொன்னால் அவர் 'பெ' என்ற அசையை எழுதிவைத்தார். இரண்டு பேரும் வேறு வேறு விளையாட்டு ஆடியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் குப்பை என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். லெனின்கிராடில் இருந்த யூரி க்னோரோசோவ் என்ற ஆராய்ச்சியாளர், மாயா நாட்டில் கால் வைக்காமலே, 1952-இல் அது அகரவரிசை இல்லை, அசைகள் என்று எழுதினார். பூட்டு அங்கேதான் திறந்தது.

சாக்லேட்டுக்கு மூலமான ககாவ் என்ற சொல்லை மாயர்கள் க-க-வ என்று எழுதுவார்கள், கடைசி எழுத்தின் அகரம் ஒலிக்காது. இரண்டு க-வும் எழுத வேண்டியதில்லை, ஒரு க போட்டு மேல் மூலையில் இரண்டு புள்ளி வைத்தால் 'இரண்டு தரம் சொல்' என்று பொருள். குவாத்தமாலாவில் ரியோ அசூல் என்ற இடத்துக் கல்லறையில் 1984-இல் கிடைத்த திருகுமூடிப் பானையில் இந்தச் சொல் இருந்தது, உள்ளே ஒட்டியிருந்ததைச் சோதித்தால் ககாவேதான். எழுத்தைப் படித்தது சரி என்று பானையே சாட்சி சொன்னது. இதைப் படித்ததும் என் மகள் பென்சிலை எடுத்து க, மேலே இரண்டு புள்ளி, கூட ஒரு ம என்று வரைந்தாள். காகம்! ககாவ் எழுதுகிற அதே முறை. அன்றைக்கு வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். 'மாயன் நாகரிகம்' என்று ஒரு கடலைக் கொடுத்துத் தேடு என்றால் பிள்ளைகள் மேலே மிதக்கிற குப்பையைத்தான் அள்ளுவார்கள். ஒரு பானையைக் கொடுங்கள். ஒரு கல்லை, ஒரு வீட்டைக் கொடுங்கள். இது எங்கே கிடைத்தது, யார் சொல்கிறார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று மூன்று கேள்வி. பொருள் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறதோ அதன் பக்கத்துக்கே போகச் சொல்லுங்கள். ஆசிரியரோ பெற்றோரோ முதல் நாள் ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்து நாலைந்து பக்கத்தைத் தேர்ந்து வைக்க வேண்டும், அந்த வேலையைத் தேடுபெட்டியின் தலையில் கட்டக்கூடாது.

எங்களுக்கு அகப்பட்ட பானை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜஸ்டின் கெர் என்ற புகைப்படக்காரர் இந்த மாதிரிப் பானைகளைச் சுழலவிட்டு, சுற்றி இருக்கும் ஓவியம் முழுவதும் ஒரே நீளப் படமாக வரும்படி எடுத்திருக்கிறார், அதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அரியணையில் ஒரு கிழட்டுச் சாமி. கீழே ஒரு முயல் உட்கார்ந்து, கையில் தூரிகையோடு, புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது! ஒரு பெண் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ககாவை ஊற்றுகிறாள், நுரை வருவதற்காக. நம் டீ மாஸ்டரேதான். படத்தை இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் முகமூடி போட்ட இரண்டு பேர் கோடரியால் ஒருவன் தலையை வெட்டுகிறார்கள். அரியணைப் பக்கம் இருக்கும் ஒரு பெண், முன்னால் இருப்பவளின் காலைத் தட்டி "அங்கே பாரேன்" என்கிற மாதிரி கூப்பிடுகிறாள். இதைப் பிள்ளைக்குக் காட்டலாமா என்று எனக்கு ஒரு நிமிஷம் தயக்கம்தான். காட்டினேன். பலி மட்டுமே தனித் தகவலாக வந்தபோது அவர்கள் பேய்களாகத் தெரிந்தார்கள், இங்கே முயலும் நுரையும் வெட்டுப்படும் தலையும் ஒரே பானையில் இருந்தபோது அவள் கேட்டது "அந்த முயல் என்ன எழுதுது?" என்று.

வீடு என்றேனே, அது எல் சால்வடாரில் ஹோயா தே செரேன். கி.பி. 600 வாக்கில் எரிமலைச் சாம்பலில் மூடிப்போன சின்ன கிராமம், 1976-இல் தானியக் கிடங்கு கட்ட புல்டோசர் ஓட்டும்போது வெளியே வந்தது. ஆட்கள் தப்பி ஓடிவிட்டார்கள் போல, பானையில் அவரை விதைகளும் தோட்டத்தில் மக்காச்சோளப் பயிரின் அச்சும் அப்படியே இருக்கின்றன. கூரைக்குள் எலிகள்கூட. பிரமிடில் குடியிருந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இது ஒன்று போதும்.

இனி அந்த 'மறைந்துபோன' என்ற வார்த்தை. தெற்கே இருந்த பெரிய நகரங்களை ஒன்பதாம் நூற்றாண்டில் மக்கள் விட்டுப் போனது உண்மை, வறட்சியும் ஓயாத சண்டைகளும் காரணம் என்கிறார்கள், அதுவும் ஒரே நாளில் இல்லை, நூறு வருஷம்போல இழுத்தது. வடக்கே நகரங்கள் தொடர்ந்தன. கடைசித் தனியரசு ஸ்பானியர் கையில் விழுந்தது 1697-இல். இன்றைக்கும் மாயா மொழி பேசுகிறவர்கள் பல லட்சம் பேர், குவாத்தமாலாவில் மட்டும் 22 மாயா மொழிகள். 1992-இல் அமைதி நோபல் வாங்கிய ரிகோபெர்த்தா மெஞ்சூ, கீச்சே என்ற மாயா இனத்தைச் சேர்ந்தவர்.

இதைப் புத்தக அறிவாக எழுதவில்லை. போன வசந்தத்தில் ஆலங்கட்டி மழையில் எங்கள் கூரை போனது, சரிசெய்ய வந்த இரண்டு பேர் மேலே பேசிக்கொண்டது ஸ்பானியம் மாதிரி இல்லை. தண்ணீர் கொடுக்கும்போது என் அரைகுறை ஸ்பானியத்தில் கேட்டேன், கீச்சே என்றார் பெரியவர், குவாத்தமாலாவில் தோத்தோனிகபான் பக்கம், ஸ்பானியம் பள்ளிக்கூடத்தில் கற்றதுதானாம். ஹூஸ்டனில் அந்தப் பக்கத்துக்காரர்கள் நிறைய. என் மகள் ஓடிவந்து எண்ணச் சொன்னாள். ஹுன், கெப், ஓஷிப், காஹிப், ஹோப் என்று விரலை மடக்கினார். இருபதுக்கு ஹுவினாக் என்றார். ஹுன் ஒன்று, வினாக் என்றால் மனுஷன், ஒரு ஆளுக்குக் கைவிரல் கால்விரல் சேர்த்து இருபது என்று தன் பூட்ஸைக் காட்டினார். மாயர்கள் இருபது இருபதாக எண்ணினார்கள் என்பது அவளுடைய பத்துத் தகவலில் ஐந்தாவது, காரணம் தெரியாமல் எழுதி வைத்திருந்தாள்.

படத்துக்கு ஒரு திருத்தம் போட்டால் போதும், பெரிய கட்டுரை வேண்டாம். அந்த இடத்தில் முயலைப் போடலாம். இல்லாவிட்டால் என் மகள் வரைந்த காகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், இடம் இருந்தால் வெளியிடுங்கள். மூலையில் இருக்கும் இரண்டு புள்ளியை அச்சுத் தூசி என்று நினைத்து யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அழித்தால் அது கம் ஆகிவிடும்.

அன்புடன்,
ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர்