லீவ் லெட்டரில் உண்மையை எழுதினால் என்ன தப்பு?

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்பு படிக்கிற என் மகள் போன மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மறுநாள் லீவ் லெட்டரில் காரணத்தை உள்ளபடியே எழுதிக் கொடுத்தேன்: வீட்டில் வளர்த்த கினி பிக் இறந்துவிட்டதால் வர முடியவில்லை என்று. (முயலைவிடச் சின்னதாக, வாலில்லாமல், புல் தின்று வாழ்கிற செல்லப்பிராணி அது.) அதை வகுப்பில் சத்தமாக வாசித்திருக்கிறார்கள், பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள், 'எலி செத்ததுக்கெல்லாம் லீவா, அம்மாகிட்ட வேற காரணம் எழுதி வாங்கிட்டு வா' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் என்று எழுதியிருந்தால் ஒரு கேள்வி வந்திருக்காது. நான் மாற்றி எழுதித் தரவில்லை. அதற்கு ஒரு நாள் ஆப்சென்ட் போட்டார்கள், போடட்டும்.

அந்த டீச்சரை மட்டும் சொல்லிப் பயனில்லை, போனில் கேட்ட சொந்தக்காரர்களும் அப்படித்தான் பேசினார்கள். 'அட, அதுக்கா அழறா? கடையில வேற ஒண்ணு வாங்கிக் குடு, சரியாப் போயிடும்.' இதைச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, என் மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனாலும் அந்த 'வேற ஒண்ணு வாங்கிக் குடு' என்பதைக் கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எங்கள் வீட்டில் இரண்டு இருந்தன, இரண்டும் பெட்டை. பொரி, கடலை என்று மகள் வைத்த பெயர். போனது பொரி, ஐந்து வயது தாண்டியிருந்தது. இந்தப் பிராணியைப் பழகாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். இது எலி மாதிரி ராத்திரியில் திருட்டுத்தனமாகத் திரிகிற ஜாதி இல்லை, பூனை மாதிரி உங்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கிற ரகமும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம், கொத்தமல்லிக் கட்டின் பிளாஸ்டிக் கவர் சரசரக்கிற சத்தம், அவ்வளவுதான், வீடே அதிர்கிற மாதிரி 'வீக் வீக்' என்று கூப்பிடும். சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே நாலு காலும் தரையை விட்டு எழும்பத் துள்ளும். என் மாமியார் ஆரம்பத்தில் 'சீமைப் பெருச்சாளிய நடுவீட்ல வச்சுக் கும்பிடுறீங்களா' என்று திட்டிக்கொண்டிருந்தவர். அப்புறம் பார்த்தால் ரசத்துக்கு வாங்கின கொத்தமல்லியில் தண்டு முழுக்க அவர் கையாலேயே கூண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையார் கோயில் வாசலில் மாலை கட்டும் அம்மா எங்களுக்கென்று தனியாக ஒரு கட்டு அருகம்புல் எடுத்துவைப்பார்.

இதற்கு ஒரு வேலை அட்டவணையே உண்டு. மனிதர்களைப் போலவே இதன் உடம்பும் வைட்டமின் சியைத் தானே தயாரித்துக்கொள்ளாது, தினமும் தீனியில் கிடைத்தாக வேண்டும், இல்லையென்றால் ஸ்கர்வி என்ற குறைபாட்டு நோய் வந்துவிடும். அதனால் தினமும் ஒரு துண்டு குடைமிளகாய். வெயில் இதன் எமன். 27, 28 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கிற பிராணியை மதுரை மே மாதத்தில் வைத்துக் காப்பாற்றுவதென்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். ஃப்ரீஸரில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைப்போம். இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைத் தராசில் எடை. பெரிய மிருகங்களுக்கு இரையாகிவிடுவோம் என்று பயந்தே வாழ்ந்த பிராணி என்பதால் நோயைக் கடைசிவரை மறைத்துவிடும், எடை குறைவதுதான் முதல் தடயம். இந்த வேலையையெல்லாம் ஐந்து வருஷமாகப் பார்த்தது நானில்லை, என் மகள். அந்த வேலைகள் பாதியாகிவிட்டதுதான் அவளுடைய துக்கம். எடை நோட்டில் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. இதை 'வேற ஒண்ணு' நிரப்பும் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பொரிக்கு வந்தது பல் நோய். இதன் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயவேண்டும். சிலதுக்குக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கம் சாய்ந்து வளர்ந்து நாக்கின்மேல் பாலம் போலக் கூடிவிடும், பசி இருக்கும், விழுங்க முடியாது. மயக்க மருந்து கொடுத்துத் தேய்த்துவிட்டார் டாக்டர், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. மறுபடி வளர்ந்தபோது இந்த உடம்பு இன்னொரு மயக்கத்தைத் தாங்காது என்று மறைக்காமல் சொன்னார். புல்லைப் பொடித்துக் கரைத்து சிரிஞ்சில் ஊட்டினோம். ஒரு விடியற்காலையில் போய்விட்டது. (இதோடு ஒரு விஷயம், யாருக்காவது உதவும்: நாய்க்கும் நமக்கும் சாதாரணமாகக் கொடுக்கிற அமாக்சிசிலின், பென்சிலின் வகை மருந்தை இதற்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து உயிரே போய்விடும். வீட்டில் மீதமிருக்கும் சிரப்பை ஊற்றிப் பார்க்காதீர்கள். நாய் பூனை மட்டும் பார்த்துப் பழகியவரானால் டாக்டரிடமும் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.)

வாடகை மாடி வீட்டில் புதைக்க மண் ஏது? சோழவந்தான் பக்கத்தில் என் அண்ணனுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அண்ணன் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவர். கேலி செய்வாரோ என்று பயந்துகொண்டேதான் போன் போட்டேன். எதுவும் கேட்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக நின்றார். 'ஆழமாத் தோண்டணும், இல்லைன்னா நாய் கிளறிடும்' என்றார், அவ்வளவுதான். ஒரு ஷூ பெட்டிக்கு அத்தனை ஆழம் தேவையே இல்லை, தோண்டினார்.

அன்றைக்குத்தான் எனக்கு இது உறைத்தது. மிருகத்துக்காக அழத் தெரியாத ஊரா எங்கள் ஊர்? அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் ஒரு கோயில் காளை செத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மாலை, வேட்டி துண்டு, மேளம், கண்ணீர் அஞ்சலி பேனர், ஊரே கூடி அடக்கம். கிழவிகள் ஒப்பாரி வைப்பார்கள். அன்றைக்கு வேலைக்குப் போகாதவனை யாரும் சிரிப்பதில்லை. உங்கள் பத்திரிகையிலும் படத்தோடு செய்தி வரும், வரவேண்டியதுதான். காளை ஊருக்குச் சொந்தம், அதனால் அதன் துக்கமும் ஊர் துக்கம். கினி பிக் ஒரு வீட்டுக்குள் ஒரு மூலையில் வாழ்கிறது, அந்த நாலு பேரைத் தவிர யாருக்கும் அதைத் தெரியாது. வித்தியாசம் இவ்வளவுதான், அந்த நாலு பேரின் அழுகை ஒன்றும் குறைந்த சரக்கு இல்லை. கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே தொகுத்து வெளியிட்டார். சுற்றியிருப்பவர்கள் ஒத்துக்கொள்ளாத துக்கம், வெளியே சொல்ல வழியில்லாததாலேயே ஆளை அதிகம் வதைக்கும் என்பது அவர் வாதம், செல்லப்பிராணியின் சாவும் அந்த ரகம்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை 'காய்ச்சல்' என்று பொய்ப்பெயர் வைத்து மறைக்கக் கற்றுக்கொடுப்பது எந்த விதத்தில் படிப்பு?

'எலி' என்று சொன்ன அந்த டீச்சருக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது, அவர் அறிவியல் டீச்சர் என்பதால். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை நிரூபித்தது இந்தப் பிராணிகளை வைத்துத்தான். 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஸ்கர்வி ஏன் வருகிறது என்ற முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்ததும் இதை வைத்துத்தான். தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) சிகிச்சைக்காக 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெற்றாரே ஜெர்மன் ஆய்வாளர் பெரிங், அந்த ஆய்வுகளிலும் இதன் பங்கு பெரிது. நம் வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்குத் தொண்டை அடைப்பான் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்கிறார்கள். அதற்காகச் செத்தவற்றுக்கு யாரும் அழுதிருக்கப்போவதில்லை. ஒன்றுக்காவது ஒரு பிள்ளை அழுதுவிட்டுப் போகட்டுமே.

இப்போது எங்கள் பிரச்சினை கடலை. பொரியின் உடம்பைக் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் வைத்தோம், அப்படிச் செய்வது நல்லது என்று டாக்டர் சொன்னார். முகர்ந்து பார்த்தது, காதைக் கடித்து இழுத்துப் பார்த்தது, பிறகு போய் மூலையில் உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் சில நாள் கவர் சத்தம் கேட்டும் கூப்பிடவில்லை. பெரு, பொலிவியா மலைப் பக்கத்திலிருந்து வந்த பிராணி இது, கூட்டமாகவே வாழ்ந்து பழகியது. சுவிட்சர்லாந்தில் இதை ஒற்றையாக வளர்க்கவே கூடாது என்று 2008லிருந்து சட்டமே இருக்கிறது. ஆக, சொந்தக்காரர்கள் சொன்னது ஒருவிதத்தில் நடக்கத்தான் போகிறது, இன்னொன்று வந்தாகவேண்டும். என் மகள் இதை முதலில் ஏற்கவில்லை. பொரி இடத்துக்கு யாரும் வேண்டாம் என்றாள். பொரிக்குப் பதில் இல்லை, கடலைக்குத் துணை என்று பேசிப் பேசித்தான் அரைமனதாகச் சம்மதித்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்கிறாள். கடலைக்கு அவ்வளவு நாள் இருக்கிறதா என்பது வேறு கவலை, அதற்கும் ஐந்து வயதாகப் போகிறது. சரி, அவள் சொல்லட்டும் என்று காத்திருக்கிறோம்.

பள்ளிகளுக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இப்படி ஒரு லீவ் லெட்டர் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கி வையுங்கள், வகுப்பில் வாசிக்காதீர்கள். முடிந்தால் அந்தப் பிள்ளையிடம் தனியாக, அதன் பெயர் என்ன என்று கேளுங்கள்.

மதுரையிலோ பக்கத்திலோ யாராவது கினி பிக்கை ஒற்றையாக வைத்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைக்குப் போகுமுன் டாக்டரிடம் சொல்லிவையுங்கள், இன்னொரு வீட்டில் ஒன்று ஜோடியை இழந்து தனியாக இருக்கலாம். ஆணா பெண்ணா என்று சரியாகப் பார்த்த பிறகு சேர்க்கவேண்டும், இல்லையென்றால் இரண்டு மாதத்தில் கூண்டு நிறைந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
மதுரை.

(பெயரும் பள்ளியின் பெயரும் வெளியிட வேண்டாம்.)