அரை நிமிஷப் பேச்சு

அன்புள்ள செந்தில்,

ஆடைக் கண்காட்சி ஸ்டாலில் பேச நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். 210 வார்த்தை இருக்கிறது. இங்கிலீஷில் நிதானமாகப் பேசினால் நிமிஷத்துக்கு 130, 140தான் போகும். ஆக, ஒன்றரை நிமிஷம். நடந்துபோகிற பையர், அதாவது பிராண்டுக்காக ஆர்டர் கொடுக்க வருகிறவர், உனக்காக நிற்பது அரை நிமிஷம். 70 வார்த்தைக்குள் அடக்கு. வேகமாகப் பேசிச் சமாளிக்கப் பார்க்காதே, நம் உச்சரிப்பு அவருக்குப் பிடிபடவே கொஞ்ச நேரமாகும்.

முதல் நான்கு வரியை அடித்துவிடு. அப்பா கம்பெனி ஆரம்பித்த வருஷம், மெஷின் கணக்கு, 'பெஸ்ட் குவாலிட்டி' எதுவும் வேண்டாம். அதைப் பக்கத்து ஸ்டால்காரரும்தான் சொல்வார்.

உன் சரக்கு பன்னிரண்டாவது வரியில் ஒளிந்திருக்கிறது: ஒரு தடவைக்கு 50 கிலோ துணிக்குச் சாயம் போடும் டையிங் மெஷின். சின்ன பிராண்டுகளுக்குத் தலைவலியே மினிமம் ஆர்டர்தான். கலருக்கு ஆயிரம் பீஸ் எடு என்று ஃபேக்டரி சொல்வதற்குத் தையலைவிடச் சாயம்தான் காரணம். பெரிய மெஷினில் அரைகுறை லோடு போட்டால் தண்ணீரும் கெமிக்கலும் சுத்திகரிப்பும் கட்டுப்படியாகாது. குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு வேஸ்டேஜ் சேர்த்து 130 கிராம் துணி என்று வை. 300 பீஸுக்கு 39 கிலோ. உன் மெஷினில் ஒரே லாட்டில், ஒரே தடவைச் சாயத்தில், முடிந்துவிடும். வாயைத் திறந்ததும் அதைச் சொல்.

"கலருக்கு 300 பீஸ் என்றால் பெரிய ஃபேக்டரிகள் எடுப்பதில்லை. நாங்கள் எடுக்கிறோம், எங்களிடம் 50 கிலோ சாய மெஷின் இருக்கிறது. ரிப்பீட் ஆர்டரிலும் ஷேடு மாறாது. இதோ, இரண்டு தனித்தனி லாட். ஒரு டெக் பேக் அனுப்புங்கள், பத்து நாளில் சாம்பிளும் விலையும் தருகிறேன்."

'இதோ' என்னும்போது இரண்டு துணித்துண்டும் அவர் கையில் இருக்கணும். ஹால் விளக்கில் ஒன்றாகத் தெரிவது வெயிலில் வேறாகத் தெரியும். அதனால் கலர் ஒப்பிடும் லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 இரண்டு விளக்கிலும் பார்த்துத் தேறியதை மட்டும் எடுத்துப் போ. டிஎல்84 ஐரோப்பியக் கடைகளில் வழக்கமாக இருந்த டியூப்லைட் வெளிச்சம், பையர் அதிலும் பார்க்கக்கூடும். 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் லிஃப்ட் மேடையில் நின்றபடி கயிற்றை அறுக்க வைத்து, தன் பிரேக்கால் அது விழாமல் நிற்பதைக் காட்டினாரே, அந்த மாதிரி நீயும் கண்ணெதிரே காட்டு.

பிரிண்டிங் வெளியே போகிறதென்றால் பத்து நாள் நடக்காது. பதினைந்து என்றே சொல். ஆர்டர் கேட்காதே, டிசைனும் அளவும் துணி விவரமும் அடங்கிய டெக் பேக் போதும். எடுத்த எடுப்பில் விலை கேட்டால் முழிக்கக் கூடாது. பிரிண்ட் இல்லாத ஒரு பேஸிக் ஸ்டைல், 2 முதல் 8 வயது, 300 பீஸ் என்று நிபந்தனையோடு ஒரே ஒரு எஃப்ஓபி விலை (கப்பலில் ஏற்றும்வரை ஆகும் செலவு சேர்த்த விலை) தயாராக வை.

மனப்பாடம் பண்ணாதே, நடுவில் அவர் ஒரு கேள்வி கேட்டால் அறுந்துபோகும். 300, துணித்துண்டு, பத்து நாள் என்ற மூன்று மட்டும் நினைவில் இருந்தால் எங்கிருந்தும் பிடித்துக்கொள்ளலாம். கார்டு கொடுத்தவருக்கு அன்றைக்கு ராத்திரியே மெயில் போகட்டும், அவர் தொட்டுப் பார்த்த துணியின் போட்டோவோடு.

போனில் பேசிப் பதிவு பண்ணி அனுப்பு, கேட்டுவிட்டுச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன்,
முருகேசன்