மாதிரிக் கப்பல்களின் பலகை ஏன் வெடிக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைக் கண்காட்சிகளில் ரெஜிபோமையும் மட்டையையும் விட்டு மரத்தாலேயே மாதிரிக் கப்பல் செய்யும் மாணவர்கள் வருகிறார்கள். நல்ல விடயம். ஆனால் புள்ளிகள் வார்னிஷ் மினுக்கத்துக்கும் பாயின் வெள்ளைக்குமே போகின்றன. மினுக்கத்துக்குக் கீழே உடல் நெளிந்திருப்பதையும், பலகை இடைவெளிகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருப்பதையும் நடுவர்கள் தடவிப் பார்ப்பதில்லை. மாரியில் ஒட்டிய கப்பல் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வாய் பிளக்கும்போது, குற்றம் மரத்தின் மேல் போடப்படுகிறது.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். மார்கழி ஈரத்தில் அரிந்து அப்படியே ஒட்டிய பலகைகள் ஆனி, ஆடி வெக்கையில் ஒவ்வொன்றும் மயிரிழை அளவு சுருங்கும். ஓரத்தோடு ஓரம் ஒட்டியிருப்பதால் அந்தச் சுருக்கம் முழுவதும் சேர்ந்து, பசை குறைந்த ஒரு மூட்டில் வெடிப்பாகத் திறக்கும். ஆகவே அரிந்த கீற்றுகளை இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள், காற்றுப் படும்படி இடையில் குச்சி வைத்து அடுக்கிய பிறகே கையில் எடுக்க வேண்டும். வளைப்பதற்காக நனைத்த பலகையை ஈரத்தோடு ஒட்டுவதும் இதே தவறுதான். 1.5 மில்லிமீற்றர் பலகையை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, சூடான குழாயில் வைத்து மெல்ல வளைத்து, கப்பலிலேயே உடுப்புக் கிளிப்பால் பிடித்து ஓர் இரவு காயவிடுங்கள். பசை மறுநாள்தான்.

பலகைக்கு முந்திய வேலை வங்குகளை, அதாவது விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களை, சீவி ஒழுங்காக்குவது. அநேகர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கப்பலின் அடியில் முதுகெலும்பாக ஓடும் ஏராவை 5 மில்லிமீற்றர் பிளைவுட்டில் வெட்டுகிறோம். வங்குகள் அதன் வெட்டுகளில் விரலால் தள்ளினாலே இறங்க வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்கினால் ஏரா வில்லாக வளையும், பிறகு அதை நிமிர்த்த வழியில்லை. அணியத்திலிருந்து (முன்முனை) பின்னணியம் (பின்முனை) வரை நூல் பிடித்துப் பார்த்துவிட்டே ஒட்ட வேண்டும். பசை காய்ந்ததும், வளையக்கூடிய ஒரு நீளச் சட்டத்தில் சாண்ட்பேப்பரை ஒட்டி, மூன்று நான்கு வங்குகள் ஒரே இழுப்பில் படும்படி தேய்க்க வேண்டும். ஒவ்வொரு வங்காகத் தனித்தனியே தேய்த்தால் மேடும் பள்ளமும்தான் மிஞ்சும். ஒரு பலகையை வைத்துப் பார்த்தால் அது ஒவ்வொரு வங்கின் முழுத் தடிப்பிலும் படிய வேண்டும். ஓரத்தில் மட்டும் தொட்டால் இன்னும் சீவ வேண்டும். அணியத்தில் முதல் இரண்டு வங்குகளுக்கிடையே மென்மரக் கட்டை வைத்து அடைத்துச் செதுக்கிவிட்டால், வளைவு கூடிய அந்த இடத்தில் பலகை முறியாது.

அடுத்த தவறு எல்லாப் பலகையையும் ஒரே அகலத்தில் வைப்பது. நடு வங்கில் மேல்தட்டிலிருந்து ஏரா வரை ஒரு கடதாசிக் கீற்றைச் சுற்றி அளந்தால் 80 மில்லிமீற்றர் வருகிறது என்று வையுங்கள். 5 மில்லிமீற்றர் பலகை 16 வேண்டும். அதே 16 பலகையும் அணியத்தில் 48 மில்லிமீற்றருக்குள் அடங்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் அங்கே 3 மில்லிமீற்றராகச் சீவப்பட வேண்டும். சீவாமல் வளைத்தால் பலகை ஓரம் மேலே தூக்கி நிற்கும். அதைத் தேய்த்துச் சமப்படுத்தப் போனால் ஓட்டை விழும். அகலம் பாதிக்கும் கீழே போகுமானால் இரண்டு பலகையை ஒன்றாக முடித்துவிடுவது நல்லது. பின்னணியத்தில் நேர்மாறாக இடம் கூடும், அங்கே கூரான ஆப்புப் பலகை செருகலாம். ஏராவை ஒட்டிய முதற் பலகையை அணியத்தில் அதிகம் மேலேற்றக் கூடாது, ஏற்றினால் அடுத்து வரும் அத்தனை பலகையையும் அது மேலே தள்ளும். இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாறி மாறி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஏரா முறுகும்.

கருவி விடயத்தில் கடைக்காரர் சொல்வதை எல்லாம் வாங்க வேண்டாம். அலகு மாற்றும் கத்தி, 30 சென்ரிமீற்றர் உருக்கு அடிமட்டம், சிறு சீவுளி, பிரெட் வாள், ஊசி அரங்கள், ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்ட துளைக்கான கைத்துளைப்பான் போதும். மின் துளைப்பானில் அவ்வளவு மெல்லிய துளை அலகுகள் முறிந்துகொண்டே இருக்கும். மர ஆலையில் கீற்று அரியக் கொடுப்பது வீண்: 3 மில்லிமீற்றர் வெட்டு விழும் வட்டவாளில் 1.5 மில்லிமீற்றர் பலகை அரிந்தால் மரத்தின் மூன்றில் இரண்டு பங்கு தூளாகிவிடும். பசை, வெள்ளை மரப்பசைதான். சுப்பர் குளூ நம்முடைய ஈரக் காற்றில் இன்னும் வேகமாகப் பிடிக்கும், நகர்த்த நேரம் தராது, வெள்ளையாகப் பூக்கவும் செய்யும். பலகை நுனியில் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

தேக்கின் துளைகள் சிறிய அளவுத்திட்டத்தில் குழிகளாகத் தெரியும். முதிரை நெருக்கமான மரம், ஆனால் வளைத்தால் பிளக்கும். கப்பிக்கும் கைப்பிடிக்கும் நல்லது. பலகைக்கு மகோகனிக் கழிவுத் துண்டு, இரண்டு அடுக்காக ஒட்டுவதானால் உள்ளடுக்குக்குக் கணுவில்லாத பைன் பெட்டிப் பலகை. கயிறுக்குத் தங்கூசி (நைலோன் மீன்பிடி இழை) போடும் வழக்கம் ஒழிய வேண்டும். அது மினுங்கும், முடிச்சும் நிற்காது. 1:64 அளவில், அதாவது அசலின் 64இல் ஒரு பங்கில், ஓர் அங்குலத் தடிப்புள்ள கயிறு 0.4 மில்லிமீற்றர் நூல்தான். தேன்மெழுகில் இழுத்தால் பிசிர் அடங்கும்.

எந்தக் கப்பலைச் செய்வது என்பதிலும் ஒரு வார்த்தை. கொலம்பஸின் கப்பலைத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போன அன்னபூரணியின் நீளம் 89 அடி. 1:64இல் அது சுமார் 42 சென்ரிமீற்றர், மேசையில் அடங்கும். தொடக்கக்காரருக்கு அதுவும் அதிகம். வாவிக் கரையில் நிற்கும், பலகை அடித்த ஒரு வள்ளத்தை அடிக்கு ஓர் அளவாக எடுத்து 1:20இல் செய்தால், சந்தேகம் வரும்போது போய்ப் பார்க்க அசல் பக்கத்திலேயே இருக்கும். வள்ளம் கட்டும் வேலை தெரிந்த ஓடாவியிடம் கேட்கவும் முடியும்.

கண்காட்சி விதிகளை எழுதுவோரிடம் கேட்பது இரண்டு. ஒரு பக்கத்துக்கு வர்ணமும் வார்னிஷும் பூசாமல், சில பலகைகளை விட்டு வங்குகள் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். புள்ளியில் பாதியை அந்தப் பக்கத்துக்குக் கொடுங்கள். விதிகளைச் சித்திரையிலேயே அனுப்பிவிடுங்கள். கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பு அறிவித்தால் மாணவர் பச்சை மரத்தைத்தான் ஒட்டுவார்கள்.

இப்படிக்கு,
மரவேலைப் பயிற்றுநர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.