எருமை மேல் மழை

பீடோங்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் ஓர் எருமை. மாடு வளர்க்க ஆரம்பித்துவிட்டேன் என்று நினைக்காதே. புரூஸ்டர் பஃபலோ போர் விமானம், 1/72 அளவு பிளாஸ்டிக் கிட். இறக்கை முனைக்கு முனை 15 சென்டிமீட்டர்கூட வராது. வலது கண்ணில் புரை எடுத்த பிறகு பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. இனி பேப்பர் படிக்கலாம் என்றார் டாக்டர். நான் விமானி இருக்கைக்கு பெல்ட் வரைந்துகொண்டிருக்கிறேன். வீட்டுக்காரி திட்டுகிறாள். சரி, அது இருக்கட்டும்.

போன கடிதத்தில் கேட்டிருந்தாயே, "காசு கொடுத்துப் புது சாமான் வாங்கி, அழகாகப் பெயிண்ட் அடித்து, அப்புறம் எதற்கடா அழுக்காக்குகிறாய்?" என்று. முப்பது வருஷம் பட்டறையில் காருக்கு ஸ்ப்ரே அடித்து, கீறலை மறைத்தே பிழைத்தவன் இப்போது உட்கார்ந்து கீறல் போடுகிறான் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். இந்த எருமையில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன், கேள்.

பஃபலோ வாங்கியதற்குக் காரணம் தாத்தா. 1941 டிசம்பர் 8, ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கிய அன்றைக்கே காலையில் சுங்கைப்பட்டாணி விமானத் திடலிலும் குண்டு விழுந்தது. ஆஸ்திரேலியாவின் 21ஆம் ஸ்குவாட்ரன் பஃபலோக்களும், பிரிட்டிஷ் 27ஆம் ஸ்குவாட்ரன் பிளென்ஹைம் விமானங்களும் அங்கே நின்றன. அடிவாங்கி மிஞ்சியவை பட்டர்வொர்த்துக்குப் போய்ச் சேர்ந்தன. தாத்தா அன்று காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து கித்தா மரம் சீவப் போயிருந்தார். சத்தம் கேட்டதும் இடி என்று நினைத்து, மழை வந்தால் மரத்து மங்கில் வடிந்த ரப்பர் பால் கெட்டுவிடுமே என்று வானத்தைப் பார்த்தாராம். ஜப்பான் காலத்தைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரே கதை அதுதான்.

முதல் தடவை அடித்தபோது எனக்குக் கை துருதுருத்தது. மண் நிறமும் கரும்பச்சையும் காய்ந்த உடனே, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிள்ளி, வெள்ளி கலரில் தொட்டு, இறக்கை ஓரம், எஞ்சின் மூடி, வால் என்று எங்கும் ஒற்றி எடுத்தேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. மறுநாள் பசியாறும்போது மேசையில் வைத்துப் பார்த்தேன். வால் சுக்கானில் வெள்ளி மின்னுகிறது. பஃபலோவின் உடம்பு அலுமினியம்தான். ஆனால் சுக்கான் மாதிரி அசையும் பாகங்கள் துணி போர்த்தியவை. துணி கிழியும், கறுக்கும், வெளுக்கும். கீறினால் உள்ளேயிருந்து அலுமினியம் எப்படி வரும்?

அப்புறம் ஸ்கேலை எடுத்து அளந்தேன். நான் வைத்த புள்ளிகளில் பெரியது ஒரு மில்லிமீட்டர் இருந்தது. 72ஆல் பெருக்கினால் அசல் விமானத்தில் 7 சென்டிமீட்டருக்கு மேல், நாலு விரல் அகலம். அப்படி நூறு இடத்தில் பெயிண்ட் பெயர்ந்த விமானத்தை எந்த மெக்கானிக் வெளியே விடுவான்?

அந்தத் தோற்றம் எங்கிருந்து என் மண்டையில் ஏறியது என்று யோசித்தேன். ஜப்பான் தரைப்படை விமானங்களின் போட்டோக்களிலிருந்து. ஹயபுசா போன்றவற்றில் பல இடங்களில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு இல்லாமல் வெறும் அலுமினியத்தின் மேலேயே பச்சையை அடித்துவிட்டார்கள். அது வெயிலிலும் மழையிலும் தோல் உரிகிற மாதிரி உரிந்தது. பிரைமர் போடாத கலர் நிற்காது என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! ஜப்பான்காரன் விமானத்து நோயைக் கொண்டுபோய் ஆஸ்திரேலியாக்காரன் விமானத்துக்கு ஒட்டியிருக்கிறேன்.

கலைத்துவிட்டு மறுபடி அடித்தேன். இந்த முறை அந்த விமானம் எத்தனை நாள் இங்கே வாழ்ந்தது என்று முதலில் கணக்குப் போட்டேன். பிரிட்டிஷ்காரன் வாங்கிய 170 பஃபலோக்களில் முதல் கப்பல் 1941 தொடக்கத்தில்தான் சிங்கப்பூருக்கு வந்தது. பெட்டி பெட்டியாக வந்து இங்கே பூட்டியவை. டிசம்பருக்குள் ஒரு வயசுகூட முடியவில்லை. ஆகவே உரிவதைவிட வெளுப்பதுதான் அதிகம் இருந்திருக்கும், எண்ணெய்க் கறையும் சேர்ந்து. எஸ்டேட் லோரியை ஞாபகப்படுத்திப் பார். கூரை வெளுத்து சுண்ணாம்பு பூத்த மாதிரி இருக்கும்; கதவு அப்படியே இருக்கும். வெயில் மேலிருந்துதானே விழுகிறது!

அதற்கு ஒரு வழி உண்டு. வெள்ளை, மஞ்சள், காவி ஆயில் கலரை ஊசி முனையில் தொட்டு இறக்கை மேல் சிறு சிறு புள்ளியாக வைத்து, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த பிரஷால் காற்று ஓடும் திசையில் முன்னிருந்து பின்னுக்கு இழுக்க வேண்டும். புள்ளிகள் கரைந்துபோகும், நிறம் மட்டும் அங்கங்கே லேசாக மாறியிருக்கும். மாறியது தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். வெள்ளி கலரை விமானி ஏறி இறங்கும் இடத்தில், இறக்கை உடம்போடு சேரும் பக்கம் மட்டும் வைத்தேன். உன் அப்பா சைக்கிளில் பால் வாளி உரசும் இடத்தில் மட்டும் கம்பி பளபளக்குமே, அதே கணக்கு. எஞ்சினுக்குப் பின்னால் வயிற்றில் கருப்பும் பழுப்பும் கலந்து நாலு கோடு, ஒன்றுக்கொன்று சமமில்லாமல்.

எல்லாம் முடிந்து மேட் கிளியர், அதாவது பளபளப்பில்லாத நிறமற்ற மேல்பூச்சு, அடித்த அன்று மூன்று மணிக்குக் கருக்கல் கட்டியது. பொறுத்திருக்க வேண்டும். பொறுக்கவில்லை. ஈரக் காற்றில் கிளியர் வெள்ளையாகப் பூத்து, எருமை மாவில் புரண்ட மாதிரி ஆகிவிட்டது. பட்டறையில் மழை நாளில் பார்த்த அதே பூப்புதான். இரண்டு நாள் காயவிட்டு, மெதுவாகக் காயும் தின்னரை மெல்லிசாக அடித்ததும் கலைந்தது. வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கியே, வாசல்ல துணி நனையுது" என்றாள்.

இங்கே வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நாம் இருந்த எஸ்டேட் லயத்து வீடுகளில் கடைசி வரிசையையும் இடித்துவிட்டார்கள். கித்தா மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை. கோயில் மட்டும் நிற்கிறது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

இன்னொரு காரியம். உன் அம்மா சின்ன வயசில் அந்த விமானத் திடல் பக்கத்தில்தானே இருந்தார்கள்? தொண்ணூறு தாண்டினாலும் ஞாபகம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஒரு நல்ல நேரம் பார்த்து அவர்களிடம் கேள்: அங்கே மண் நம் எஸ்டேட் ரோட்டு மாதிரி சிவப்பா, இல்லை ஆற்றுப் பக்கத்து வெளிர் மண்ணா? மழையில் காலில் ஒட்டினால் என்ன நிறம்? கேட்டு எழுது. சக்கரத்திலும் வயிற்றிலும் இன்னும் சேறு பூசாமல் வைத்திருக்கிறேன்.

உன் கூட்டாளி