தெரு உயர்கிறது, தறிக்குழி நிறைகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சேலத்தில் பாவடி என்றால் இன்று பலருக்குப் பள்ளிக்கூடமோ திடலோதான் நினைவுக்கு வரும். துணியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு; தறியில் ஏற்றுமுன் அதை விரிக்கும் இடம்தான் பாவடி. அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டையில் பழைய நெசவுத் தெருக்கள் வளையாமல் நீண்டு கிடப்பதும் பாவுக்காகத்தான். எட்டு முழ வேட்டிக்கு 12 அடி. பத்து வேட்டிப் பாவு 120 அடி. பாவு இழைகள் நுழைந்து வரும் சீப்பு போன்ற அச்சில் பிணைக்கவும் கடைசியில் நெய்ய முடியாமல் நிற்கும் துண்டுக்கும் மேலே சில அடி. இரு முனையிலும் முளையடித்து இழுத்துக் கட்டும்போது நடுவில் திருப்பம் இருந்தால் ஒரு ஓரம் தளரும், மறு ஓரம் அறும்.

பருத்திப் பாவுக்குக் கஞ்சி போடுவது விடியற்காலை, வெயிலும் காற்றும் ஏறுவதற்குள். கவைக்கால்களில், அதாவது கவட்டைக் கொம்புகளில், பாவைத் தூக்கி நிறுத்தி, அரிசிக் கஞ்சி தடவி, காயும்வரை பிரஷால் நீவிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். கஞ்சி நீர்த்தால் அச்சில் உரசிப் பிசிறு கிளம்பும். கெட்டியானால் இழை விறைத்து முறியும். ஈரத்தோடு சுருட்டினால் பூசணம். தூறல் விழுந்தால் அன்றைய பாடு வீண். பைக்கும் காரும் நிற்கும் தெருவில் இது எப்படி நடக்கும்? விசைத்தறிக்கோ ஆலையிலேயே கஞ்சி ஏறிய பாவு வந்துவிடுகிறது. தெருப் பாவு நின்றுபோனதில் வியப்பில்லை. அதைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

ஆனால் தரையில் தோண்டிய குழிக்குள் காலை வைத்து மிதித்து நெய்யும் குழித்தறி ஓடும் வீடுகள் இன்னும் உண்டு. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டு, தெரு வாசற்படியைத் தாண்டிவிட்டது. மழைநீர் நேரே தறிக்குழிக்குள் இறங்குகிறது. மண்ணின் லேசான குளிர்ச்சி பாவுக்கு நல்லது, இழை அறாது. தண்ணீரே தேங்கினால் கதை வேறு: மிதிக்கட்டைக் கயிறு உப்பி இழுபடும், பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் நூல் கண்ணிகளான விழுது நைந்துபோகும், குழி காயும்வரை தறி நிற்கும். ‘குழியை மூடிவிட்டு, தரைக்கு மேல் நிற்கும் மேடைத்தறி போடுங்கள்’ என்பவர்கள் அதற்கான செலவையும் சொல்ல வேண்டும்.

மாநகராட்சி இனி இத்தெருக்களில் சாலை போடுமுன் பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்கட்டும். சாக்கடையின் மேல்மட்டம் வாசற்படிக்குக் கீழே இருக்கட்டும். மிஞ்சியிருக்கும் பாவடி நிலங்களில் கட்டடமோ வேலியோ எழுப்பினால், நீளவாக்கில் 150 அடியாவது தடையின்றி விட வேண்டும். அகலத்தில் எவ்வளவு விட்டாலும், நீளம் குறைந்தால் அங்கே பாவு விரிக்க முடியாது.

இப்படிக்கு,
நெசவாளர்கள் சிலர்,
அம்மாப்பேட்டை, சேலம்.