ஐம்பது தாங்கும், அறுபது தாங்காது

மன்னார்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு போன் போடுவாய். போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் "அப்பா, எதையும் தொடாதீங்க, சனிக்கிழமை நான் இங்கிருந்தே பார்க்கிறேன்" என்பாய். அப்படி மூன்று சனிக்கிழமை போய்விட்டது. உன் மேல் குறை இல்லை. ஆபீசையும் அந்த வாலுப் பையனையும் வைத்துக்கொண்டு நீ என்னதான் செய்வாய். அதனால் நானே தொட்டேன்.

வாலுப் பையன்தான் ஆரம்பம். மே மாதம் வந்திருந்தபோது என் போனில் கேமரா பொத்தானை அழுத்திய விரலை அவன் எடுக்கவே இல்லை போலிருக்கிறது. கூடத்து மின்விசிறி மட்டும் 900 படம். அவனுடைய மூக்குத் துவாரம் 200. இதோடு நான் எடுத்தவையும் சேர்ந்து, கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தால் மூவாயிரத்துச் சொச்சம் இருந்தன. அவன் எடுத்ததையெல்லாம் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினால் திரை வெளுத்துப்போகும், 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும், படம் பார்க்கிற மென்பொருள் தானாக மூடிக்கொள்ளும். திரும்பத் திறந்தால் அழிந்த படங்களின் இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள், அழியாதவை அப்படியே. உன் அம்மா, "அது பாவம், குழந்தை எடுத்ததை அழிக்க மாட்டேங்குது" என்றாள்.

வேறு எதையும் செய்வதற்கு முன்னால் மொத்தத்தையும் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். நீ திட்டுவாயே என்று இல்லை. முப்பத்து நான்கு வருடம் டெலிபோன் லைனில் வேலை பார்த்தவன், வேலை செய்கிற லைனை முதலில் குறித்துக்கொள்ளாமல் ஜாயிண்டைப் பிரிக்க மாட்டேன்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துப் பார்த்தேன். பத்து, சரி. முப்பது, சரி. ஐம்பதும் போனது. அறுபது என்றால் விழுந்துவிடுகிறது. மூன்று தடவை செய்தும் இதேதான். ஐம்பது தாங்குகிறது, அறுபது தாங்கவில்லை என்றால் எங்கேயோ ஏதோ நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருமே டாஸ்க் மேனேஜர், அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு அழித்தேன். படம் போகப் போக மென்பொருள் பிடிக்கும் மெமரி ஏறிக்கொண்டே போகிறது, இறங்கவே இல்லை. ஒரு படத்துக்கு ஏறக்குறைய 36 எம்.பி.

படமே 4 எம்.பி.தானே, 36 எங்கிருந்து வந்தது என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். கடைசியில் கணக்கு பிடிபட்டது. போன் கேமரா 12 மெகாபிக்சல், அதாவது 4,000 புள்ளி அகலம், 3,000 புள்ளி உயரம், மொத்தம் ஒரு கோடியே 20 லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஜேபெக் என்கிற படக் கோப்பு மடித்துக் கட்டிய ஜமக்காளம் மாதிரி, பரணில் கொஞ்சம் இடம்தான் அடைக்கும். திரையில் காட்ட வேண்டுமென்றால் விரித்தாக வேண்டும், விரித்தால் 36 எம்.பி. நம் மென்பொருள் ஒரு படத்தை அழித்ததும் அடுத்ததை வலது பக்க முன்னோட்டப் பலகையில் பெரிதாகக் காட்டுகிறது. காட்டியதைத் திரும்ப மடித்து வைப்பதில்லை. டாஸ்க் மேனேஜரில் அதன் பெயருக்குப் பக்கத்தில் 32 பிட் என்று போட்டிருந்தது. அந்த வகை மென்பொருளுக்கு விண்டோஸ் சாதாரணமாகக் கொடுக்கும் இடம் 2 ஜி.பி.தான். 2,048-ஐ 36-ஆல் வகுத்துப் பார். ஐம்பத்தாறு சொச்சம்!

உன் அம்மாவை எழுப்பிச் சொன்னேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மருந்து அற்பம். முன்னோட்டப் பலகையை அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரே மூச்சில் 900 மின்விசிறியும் போயின. சாம்பல் கட்டங்களுக்கு வேறு வைத்தியம். எந்தெந்தப் படம் எங்கே இருக்கிறது என்று மென்பொருள் தனியாக ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. நடுவில் விழுந்துவிட்டதால் படம் போன செய்தி பதிவேட்டில் ஏறவில்லை. ரேஷன் கடையில் சரக்கு தீர்ந்த பிறகும் ஏட்டில் இருப்பு காட்டுமே, அந்தக் கதை. மென்பொருளை மூடிவிட்டு, பதிவேட்டுக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தால் எல்லா ஃபோல்டரையும் புதிதாக எண்ணிக் கணக்கெழுதிக்கொள்கிறது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நல்ல படங்களுக்கு நீ போட்டிருந்த நட்சத்திரங்கள் பழைய பதிவேட்டோடு போய்விட்டன. ஆனால் அந்தக் கோப்பை நான் அழிக்கவில்லை, மீட்க முடிகிறதா என்று நீ வரும்போது பார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. கை சும்மா இருக்கவில்லை. பழைய கேமரா காலத்து ஃபோல்டர்களிலும் மங்கலானவற்றைக் கழித்துவிடலாம் என்று இறங்கினேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, உன் சின்ன அத்தை மகள் கல்யாண ஃபோல்டர் வரும் வரை. அதில் இருபது படம் அழித்தாலே விழுகிறது. முன்னோட்டமும் இல்லை, மெமரியும் ஏறவில்லை. ஆக இது வேறு ஃபால்ட். ஒரே வீட்டில் இரண்டு ஃபால்ட் இருந்தால் முதல் ஒன்றைச் சரிசெய்த சந்தோஷத்தில் இரண்டாவதை லைன்மேன் கவனிக்க மாட்டான், நானே அப்படி ஏமாந்திருக்கிறேன்.

அந்த ஃபோல்டரில் 486 படம். கேபிளில் எந்த இடத்தில் பழுது என்று தெரியாதபோது நாங்கள் தெரு முழுக்கத் தோண்ட மாட்டோம். நடுவில் ஒரு பில்லரில், அதாவது தெருவோர இணைப்புப் பெட்டியில், பிரித்துச் சோதிப்போம். இந்தப் பக்கம் நன்றாக இருந்தால் பழுது அந்தப் பக்கம். அதையும் பாதியாக்குவோம். அதே வேலைதான். 'சோதனை' என்று ஒரு ஃபோல்டர் வைத்து, பாதிப் படங்களின் நகலைப் போட்டு, மென்பொருளில் கடைசி வரை உருட்டிப் பார்த்தேன். 243, 122, 61, இப்படியே ஒன்பது தடவையில் ஒரு படத்தில் வந்து நின்றது. அதை விலக்கிவிட்டுத் திரும்ப ஆரம்பித்தால் இன்னும் இரண்டு. மூன்றும் அடுத்தடுத்த எண்கள், ஃபோல்டரின் கடைசி மூன்று படங்கள். மேலே இருப்பதை அழிக்க அழிக்கக் கீழே இருப்பவை ஏறி வருகின்றன, வந்ததும் மென்பொருள் அவற்றுக்குச் சிறு படம் தயாரிக்கப் பார்க்கிறது, அங்கே விழுகிறது. கெட்ட படத்தைக் கண்டால் நல்ல மென்பொருள் 'இது கெட்டது' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இது மயங்கி விழுகிறது.

அந்த மூன்றும் என்ன படம் தெரியுமா? தாலி கட்டும் நேரம். மேல் பாதியில் மாவிலைத் தோரணம், அட்சதை போடத் தூக்கிய கைகள், ஒன்றில் ஓரமாக உன் நெற்றியும் கண்ணும். கீழே மாப்பிள்ளை பெண் இருக்க வேண்டிய இடம் முழுக்கச் சாம்பல்.

ஆமாம், அந்தப் படங்கள்தான். ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தில் அந்த நேரத்துக்குப் பெரியப்பா முதுகுதான் இருக்கிறது என்பதால், நம் கேமராவில் இருந்ததும் போயிற்றே என்று அத்தை இன்று வரை உன்னைச் சொல்லிக் காட்டுகிறாளே, அவை. படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நீதான் கேமராவின் மெமரி கார்டைப் பாதியில் பிடுங்கிவிட்டாய் என்று அவளிடம் சொன்னது நான்.

நீ பிடுங்கவில்லை. ஃபோல்டரின் பெயர் 26-11-2012 என்று இருக்கிறது. தேதி போட்டுப் பெயர் வைப்பது என் பழக்கம், உன்னுடையதெல்லாம் 'நியூ', 'நியூ 1', 'நியூ லாஸ்ட்'. கல்யாணம் ஞாயிறு. அன்று ராத்திரியே நீ கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாய், காலையில் உனக்குப் பரீட்சை. திங்கட்கிழமை சாயங்காலம் படங்களை ஏற்றியது நான். அந்த வருடம் கரண்ட் போன லட்சணம் உனக்குத் தெரியும், ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. யு.பி.எஸ். பேட்டரியும் செத்துப் போயிருந்தது. கடைசிப் படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது போய்விட்டது. கரண்ட் வந்ததும் படங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன், 486 இருந்தது. சரி என்று கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன்.

நேற்று அந்த மூன்று கோப்புகளின் உள்ளே திறந்தும் பார்த்தேன். ஜேபெக் என்றால் எஃப்.எஃப். டி8 என்ற குறியில் தொடங்கி எஃப்.எஃப். டி9 என்ற குறியில் முடிய வேண்டும். இவற்றில் தொடக்கம் இருக்கிறது, முடிவு இல்லை. பாதிக்கு மேல் வெறும் பூஜ்ஜியம். ஹார்டு டிஸ்கில் இடம் ஒதுக்கியாகிவிட்டது, எழுதுவதற்குள் கரண்ட் நின்றுவிட்டது. பொங்கலுக்கு நீ வந்து கார்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, யோசிக்காமல் உன் தலையில் போட்டுவிட்டேன். நீயும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இன்று காலை அத்தைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஏண்ணே, பன்னெண்டு வருஷத்துக்கு மேல அந்தப் புள்ளைய ஏச வச்சிட்டியே" என்றாள். இந்த வாரம் உனக்குப் பேசுவாள். ஆபீஸ் நேரமாக இருந்தாலும் எடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: முன்னோட்டப் பலகையை நீ வந்து திரும்பப் போட்டுவிடாதே. அந்த மூன்று படங்களையும் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன், அந்த மென்பொருள் எட்டாத இடத்தில்.